ஜப்பானிய மொழி தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். கோத்தகிரியில் ஒரு மகளிர் குழுவோடு வேலை செய்கிறேன். அடுத்த மாதம் ஜப்பானின் ஷிகோகு தீவிலிருந்து சிறுதொழில் செய்யும் நான்கு பேர் வந்து பத்து நாள் நம் ஊரில் தங்கப் போகிறார்கள்.

அந்தத் தீவில் கமிகட்சு என்று ஒரு மலை ஊர் இருக்கிறது. குப்பையே இல்லாத ஊராக மாறுவோம் என்று 2003-இல் அறிவித்து, இப்போது குப்பையை 40-க்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள். வயதான பெண்கள் மரத்து இலைகளைப் பறித்து, உணவகங்களுக்குத் தட்டு அலங்காரத்துக்கு விற்றே சம்பாதிக்கிறார்கள். குப்பையால் திணறும் நம் மலைக்கு இதெல்லாம் எவ்வளவு தேவை!

நாம் காட்டப்போவது தோடர் பூத்தையல். 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. எங்கள் குழு அக்கா ஒருவர் துணியில் எதையும் வரைவதில்லை. இழைகளை விரலால் எண்ணி எண்ணியே சிவப்பு, கறுப்பு நூலைக் கோக்கிறார். ஒரு சால்வைக்கு ஏன் அந்த விலை என்பதை வந்தவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே சொல்ல வேண்டும். அதற்குத்தான் ஆள் தேடுகிறேன். நீலகிரி, கோவைப் பக்கம் இருந்தால் ரொம்ப நல்லது. பயணச் செலவைத் தந்துவிடுகிறோம்.

அப்புறம், வெளிநாட்டவரை வீட்டில் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசிடம் பதிய வேண்டுமே, அதைச் செய்து பழகியவர்களும் தயவுசெய்து உள்பெட்டியில் வாருங்கள்.