ரத்தம் குடிக்கிற நியூ ஆர்லியன்ஸ்காரங்க: அவங்க பாட்டுக்கு விட்டுடலாமா, டாக்டர்கிட்ட அனுப்பணுமா?

ராக்கோழி:
அமெரிக்காவுல நியூ ஆர்லியன்ஸ்ல தங்களை நிஜ வேம்பயர்னு (ரத்தக்காட்டேரி) சொல்லிக்கறவங்க 50 பேராவது இருக்காங்களாம். ஜான் எட்கர் பிரௌனிங்னு ஒரு ஆராய்ச்சியாளர் அவங்களோட வருஷக்கணக்குல பழகி 2015ல ஒரு கட்டுரை எழுதியிருக்கார். சவப்பெட்டில தூங்கறது, சாகாவரம், அதெல்லாம் ஒண்ணும் கிடையாது. பார்ல வேலை பாக்கறவங்க, நர்ஸுன்னு சாதாரண ஆளுங்க. வயசுக்கு வர்ற சமயத்துலேர்ந்து காரணமே தெரியாத அசதி, தலைவலி, வயித்துவலி, கொஞ்சம் ரத்தம் உள்ள போனா சரியாகுதுன்னு சொல்றாங்க. குடுக்கறவங்க சம்மதிச்சாதான் எடுப்பாங்களாம். 2005லயே சங்கம் ஆரம்பிச்சு ஈஸ்டர், தேங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ்னா வீடில்லாதவங்களுக்கு சாப்பாடு போடறாங்க. யாருக்கும் தொந்தரவு இல்ல, அப்புறம் எதுக்கு நாம லூசுன்னு முத்திரை குத்தணும்?

வெட்டிப்பேச்சு:
சாப்பாடு போட்டா நல்லவனாயிடுவானா? எங்க ஏரியா ரவுடி கூடத்தான் வருஷாவருஷம் அன்னதானம் பண்றான். 1996ல ஃப்ளோரிடால ராட் ஃபெரல்னு 16 வயசுப் பையன், கூடச் சுத்தின பொண்ணோட அப்பா அம்மாவையே அடிச்சுக் கொன்னான், கேட்டா நான் 500 வயசு வேம்பயர்னான். அதுக்கு என்ன சொல்றீங்க ப்ரோ

ராக்கோழி:
அந்தக் கொலைக்கும் இந்தச் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்? அவன் கென்டக்கில நாலஞ்சு பசங்களைச் சேத்துக்கிட்டுத் திரிஞ்சவன். சாமியார் வேஷத்துல ஒருத்தன் கொலை பண்ணா காவி கட்டினவனையெல்லாம் உள்ள தூக்கிப் போடுவீங்களா? இவங்க ரூல்ஸெல்லாம் வெளிப்படையாப் பேசிக்கறாங்க, மைனர்கிட்ட எடுக்கக்கூடாது, கட்டாயப்படுத்தக்கூடாது, ரெண்டு பக்கமும் ரத்த டெஸ்ட் எடுக்கணும்னு.

லேப்_கலா:
நான் லேப்ல வேலை பாக்கறவ. கொலை கதையெல்லாம் விடுங்க, எனக்கு அந்த டெஸ்ட்தான் கவலை. ஹெச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் பி, சி எதுவா இருந்தாலும் தொற்றின உடனே டெஸ்ட்ல தெரியாது, நடுவுல ஒரு இடைவெளி இருக்கு. அந்த நேரத்துல நெகட்டிவ் ரிப்போர்ட்டைக் கைல வச்சுக்கிட்டே பரப்பலாம். வாய்ல ஒரு சின்னப் புண்ணு, ஈறுல ரத்தக்கசிவு இருந்தாலே போதும். எடுக்கறது எப்படின்னு நினைக்கறீங்க, டிஸ்போசபிள் பிளேடால தோல்ல சின்னதா கீறி, அமுக்கி, வாயை வச்சு உறிஞ்சறது. மனுஷ வாய்ல இருக்கற கிருமி அந்தக் காயத்துக்குள்ள போறதை யாருமே பேசறதில்ல, குடிக்கறவனை விட குடுக்கறவனுக்குத்தான் அதுல முதல் ஆபத்து.

சும்மா படிக்கிறவன்:
இது போர்ஃபைரியான்னு ஒரு வியாதி இல்லையா? வெயில் ஒத்துக்காது, ரத்தம் தேவைப்படும்னு எங்கயோ படிச்சேன்

லேப்_கலா:
தம்பி அந்தக் கதையை முதல்ல மறந்துடு. 1985ல டேவிட் டால்ஃபின்னு கனடா கெமிஸ்ட் ஒருத்தர் ஒரு மாநாட்டுல கிளப்பிவிட்டது. ரத்தத்தைக் குடிச்சா அதுல இருக்கற ஹீம்ங்கற இரும்புள்ள பொருள் குடல்லயே உடைஞ்சுடும், போர்ஃபைரியாவுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல, அதுக்கு ரத்தக்குழாய் வழியா ஏத்தற மருந்து இருக்கு. பாவம், நிஜமா அந்த வியாதி இருக்கறவங்களை ஊரு ஒரு மாதிரி பாக்க ஆரம்பிச்சதுதான் மிச்சம்.

வெட்டிப்பேச்சு:
சரி அப்போ கணக்குப் போடுவோம். இவங்க குடிக்கறது ஒரு ஸ்பூன் ரெண்டு ஸ்பூன். 5 மில்லி ரத்தத்துல இரும்புச்சத்து ரெண்டரை மில்லிகிராம் பக்கம், கலோரி நாலு தேறினா பெருசு. இதுல எங்கேர்ந்துப்பா எனர்ஜி வருது? நிஜமாவே ரத்தத்துல மட்டும் உயிர் வாழற வவ்வாலைப் பாருங்க, ஒரு ராத்திரில தன்னோட எடைல பாதி அளவுக்குக் குடிக்குது, ரெண்டு மூணு நாள் கிடைக்கலன்னா செத்துடுது. இதுல இன்னொரு குரூப் ரத்தமே வேணாம், அடுத்தவன் உடம்புல இருக்கற சக்தியை இழுத்துக்கறோம்ங்கறான், சைக்கிக்காம். அதை எந்த மிஷின்ல அளக்கறது?

ராக்கோழி:
எனர்ஜி ஏறுதுன்னு நான் எங்க சொன்னேன், அவங்களுக்கு அப்படித் தோணுதுன்னு சொன்னேன். பிளாசிபோவாவே, அதாவது வெறும் நம்பிக்கைல சரியாகற மாதிரி தோணறதாவே இருக்கட்டும். அட்லாண்டால இருக்கற இன்னொரு வேம்பயர் சங்கம் தங்களைத் தாங்களே புரிஞ்சுக்க 2006லேர்ந்து ஒரு பெரிய சர்வே நடத்தினாங்க, நூத்துக்கணக்குல கேள்வி, குடும்பத்துல என்னென்ன வியாதி இருக்குங்கறது வரைக்கும் கேட்டு. நம்பிக்கையை மட்டும் வச்சுக்கிட்டு உக்காந்திருக்கறவன் இவ்ளோ மெனக்கெடுவானா

வெட்டிப்பேச்சு:
அவங்களே கேள்வி எழுதி அவங்களே பதில் சொன்னா அது ஆராய்ச்சியா? ரசிகர் மன்றத்துல போய் யாரு பெஸ்ட் நடிகர்னு கேக்கற மாதிரி இருக்கு. நிஜ ரத்தம், ரத்தம் மாதிரியே இருக்கற வேற ஏதோ ஒண்ணு, எது எதுன்னு தெரியாம குடுத்துப் பாருங்க, வித்தியாசம் சொல்லட்டும், அப்புறம் நான் பேசறேன்.

லேப்_கலா:
ஐயோ டெஸ்ட் பண்றேன்னு யாருக்காவது ரத்தம் குடுத்துத் தொலைச்சிடாதீங்க 🙏

ராக்கோழி:
கலா அக்கா, நீங்க சொன்ன ஆபத்தெல்லாம் ஒத்துக்கறேன். ஆனா அதே 2015ல அமெரிக்காவுல ஐடஹோ மாநிலத்துல டி.ஜே. வில்லியம்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவர் கூட இன்னொருத்தரும் இந்த மாதிரி 11 பேர்கிட்ட கேட்டாங்க, டாக்டர், கவுன்சிலர்கிட்ட இதைச் சொல்வீங்களான்னு. பெரும்பாலும் பயம்தான், பைத்தியம்னு எழுதிடுவாங்க, புள்ளை வளக்கவே தகுதியில்லன்னு சொல்லிடுவாங்கன்னு. ராத்திரி ரத்தம் குடிச்சவன் மறுநாள் டாக்டர்கிட்ட மறைச்சா நீங்க சொல்ற ஹெப்படைட்டிஸை யாரு கண்டுபிடிக்கறது? வெட்டிப்பேச்சு மாதிரி நாலு பேர் கலாய்க்கறதாலதான் மறைக்கறாங்க.

வெட்டிப்பேச்சு:
ஆமா பழியை என் மேல போடுங்க. கேள்வி கேக்கறது கலாய்க்கறதா?

லேப்_கலா:
ரெண்டு பேரும் சண்டையை நிறுத்துங்க. ராக்கோழி சொல்றதுல பாதி சரி. எங்க லேபுக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் குடிப்பழக்கத்தையே மறைக்கறாங்க, இதை எங்க சொல்லப்போறாங்க. திட்டாம கேட்டா சொல்வாங்க, அது வாஸ்தவம். ஆனா திட்டாம இருக்கறது வேற, "உனக்கு ரத்தம்தான்ப்பா மருந்து"ன்னு தலையாட்டறது வேற. பல வருஷமா அசதி, வயித்துவலின்னு சொல்ற ஆளுக்கு ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, மனச்சோர்வு இதையெல்லாம் பாக்காம விட்டா அது மரியாதை இல்ல, அலட்சியம். சங்கத்துக்குள்ள போய்ச் சேந்துட்டா அதோட காரணம் தேடறதை நிறுத்திடறாங்கங்கறதுதான் என் கோவம்.

ராக்கோழி:
எல்லாரும் நிறுத்தலையே அக்கா, பிரௌனிங் பேசின ஆளுங்கள்ல சில பேர் டாக்டர்கிட்ட அலைஞ்சு, ஒண்ணும் இல்லன்னு திருப்பி அனுப்பினதுக்கு அப்புறம்தான் இதுக்கே வந்திருக்காங்க

லேப்_கலா:
அப்போ வேற டாக்டரைப் பாக்கணும். பிளேடை எடுக்கக்கூடாது.

சும்மா படிக்கிறவன்:
அக்கா எனக்கும் ரொம்ப நாளா அசதியாத்தான் இருக்கு, பி12 டெஸ்ட் எவ்ளோ ஆகும்