குழித்துறை வீட்டு ஆட்கள் (வாட்ஸ்அப் குழு)

ஷைலா: நேற்று காலை ரப்பர் தோட்டத்துத் தேன் எடுத்ததும் நம்ம ஃபேஸ்புக் பேஜில் படம் போட்டேன். யாராவது பார்த்தீங்களா?

தங்கசாமி: எனக்கு வரவில்லையே. எனக்கு முட்டுவலி எண்ணெய் விளம்பரம்தான் வருது.

பினு: சித்தி, எத்தனை ஃபாலோயர்?

ஷைலா: 2,140. படம் போய்ச் சேர்ந்தது 87 பேருக்கு. கீழேயே ஒரு பட்டன், 500 ரூபாய் கட்டி பூஸ்ட் பண்ணினால் நிறைய பேருக்குக் காட்டுவானாம். மார்த்தாண்டம் சந்தையிலும் சர்ச் வாசலிலும் நின்று ஒவ்வொரு ஆளாக நான் சொல்லிச் சேர்த்தது. என் வாடிக்கையை எனக்கே விற்கிறான்!

அபி: அம்மா ராத்திரி முழுக்க அந்த 87 எப்போ 88 ஆகும் என்று பார்த்துக்கிட்டே இருந்தாங்க 😄

பினு: அவனுக்குக் காசு கொடுப்பது விளம்பரக்காரன் சித்தி, நாம இல்லை. திரையைத் தள்ளுகிற நேரத்துக்குள் அங்கே எந்த விளம்பரத்தைக் காட்டுவது என்று ஒரு ஏலம் முடிந்துவிடும். அதிகம் கேட்டவன்தான் ஜெயிப்பான் என்றும் இல்லை. எந்த விளம்பரத்தை மாமா தொடுவார் என்ற கணக்கும் உண்டு. எண்ணெய்க் குப்பியில் விரல் கொஞ்சம் நின்றிருக்கும், அதுவும் கணக்கில் ஏறும்.

தங்கசாமி: அப்போ ஏலத்துக்கு வைத்த மட்டி வாழைக்குலை நான்தானா மக்கா? இலவசம் என்றல்லவா நினைத்தேன்.

பினு: இந்த வாட்ஸ்அப்புக்கே முன்பு வருஷத்துக்கு 1 டாலர் என்று இருந்தது. 2014இல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாங்கியது. 2016இல் அந்த 1 டாலரும் வேண்டாம் என்றார்கள். 2025இல் ஸ்டேட்டஸ் பக்கத்துக்கு விளம்பரம் வரும் என்று அறிவிச்சாச்சு.

தங்கசாமி: ஷைலா, உன் தேனீ கதைதான். பெட்டி சும்மா கிடைத்தது என்று அதுவும் நினைத்துக்கொண்டிருக்கும்.

ஷைலா: அண்ணா, அது சரியில்லை. ஆடி மழையில் நான் பெட்டிக்குப் பெட்டி சீனிப்பாகு வைக்கிறேன். எறும்பு ஏறாமல் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைக்கிறேன். அடையை முழுசாக வழிக்கிறதும் இல்லை. நமக்கு எவன் பாகு வைக்கிறான்?

தங்கசாமி: 🙏 வாபஸ்.

அபி: அம்மா பழைய கணக்கு நோட்டில் இருக்கும் வாடிக்கைக்காரங்க நம்பரை எல்லாம் என் போனில் ஏற்றச் சொல்லியிருக்காங்க, இனி நேரே செய்தி அனுப்பலாமாம். இதுவரை 63.

பினு: ஒவ்வொருத்தரிடமும் கேட்டுவிட்டு அனுப்பு அபி. கேட்காமல் அனுப்பினால் நாமும் எண்ணெய்க்காரன்தான்.

தங்கசாமி: என்னைக் கேட்க வேண்டாம். 2 குப்பி எடுத்து வை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

ஷைலா: போன தடவை எடுத்த காலிக் குப்பியைக் கொண்டு வாங்க அண்ணா.