சிறியாநங்கை கசந்ததா? பாம்புக்கடியும் பச்சிலையும்: நமக்கு நேர்ந்தவை

ஆரணிப் பக்கம், மணிலா பயிரிடுபவர்:

அப்போது எனக்குப் பதினான்கு வயது. மணிலா (வேர்க்கடலை) கொடியைப் பிடுங்கிக் குவித்திருந்தோம். அந்தி மங்கும் நேரத்தில் கணுக்காலில் சுரீரென்றது. குனிந்து பார்ப்பதற்குள் வரப்போரம் ஏதோ நெளிந்து போய்விட்டது. நான் கத்தியதும் அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரிக்கு அல்ல, ஊர்க்கோடியில் இருந்த விஷக்கடி வைத்தியர் வீட்டுக்கு.

அவர் ஒரு பிடி சிறியாநங்கை இலையை என் வாயில் திணித்து, "மெல்லு. கசக்கிறதா, சொல்" என்றார். சப்பென்று இருந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். இலை கசக்காவிட்டால் விஷம் ஏறிவிட்டது என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. மூன்றாவது பிடியில் நாக்கே சுருண்டுகொள்ளும்படி கசந்தது. "இறங்கிவிட்டது" என்றார் வைத்தியர். பிறகு தும்பைச் சாறு, மிளகு, உப்பில்லாத சோறு. இரவு முழுவதும் என்னைத் தூங்கவிடவில்லை. காலையில் என் காலால் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் கொல்லையில் இன்றும் ஒரு பாத்தி சிறியாநங்கை இருக்கிறது. பச்சிலையால் பிழைத்தவர்கள், பிழைக்காதவர்களைப் பார்த்தவர்கள், யாராக இருந்தாலும் எழுதுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்:

எனக்கு நேர்ந்ததல்ல ஐயா, என் கண்ணெதிரே நடந்தது. கூலி வேலைக்குப் போகும் பெண், முப்பது வயதுகூட இருக்காது. புழுக்கம் தாளாமல் தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார். விடியற்காலை நான்கு மணிக்கு வயிற்று வலி, வாந்தி. வீக்கமில்லை, கடித்த இடத்தில் வலியுமில்லை. தேடிப் பார்த்தபோதுதான் முழங்கையருகே ஒரு புள்ளி. கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

வீட்டில் சந்தேகப்பட்டு, சிறியாநங்கையும் மிளகும் அரைத்துச் சாறு கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் இமை சரியத் தொடங்கிவிட்டது. இமையைத் தூக்க முடியாதவருக்குத் தொண்டைத் தசையும் தளர்ந்துகொண்டிருக்கும். அவர் விழுங்கிவிட்டார் என்று அவர்கள் நினைத்த சாற்றில் ஒரு பகுதி மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தது. எங்களிடம் வந்து சேர்ந்தபோது மணி ஏழரை. பத்துக் குப்பி விஷமுறிவு மருந்தை ஏற்றி, மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையைக் கையால் அழுத்திக்கொண்டே மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினோம். வென்டிலேட்டரில் ஆறு நாள். சாறு இறங்கிய நுரையீரலில் நிமோனியா கண்டு மேலும் பத்து நாள். பிழைத்துவிட்டார்.

அந்த வீட்டார் மேல் எனக்குக் கோபம் இல்லை. முதல் பஸ் ஐந்தரை மணிக்கு. அந்தப் பதற்றத்தில் 108ஐ அழைக்க யாருக்கும் தோன்றவில்லை. இலை வாசலிலேயே இருந்தது.

தமிழகத்தில் 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்த பிறகு, எங்களிடம் வரும் ஒவ்வொரு கடியையும் பதிவு செய்கிறோம். "வருவதற்கு முன் என்ன கொடுத்தீர்கள்?" என்று நானாகக் கேட்டு ஓரத்தில் எழுதிக்கொள்கிறேன். தயங்கித் தயங்கித்தான் பதில் வரும்.

பாம்பு நஞ்சில் முனைவர் பட்ட ஆய்வு செய்தவர்:

இலையில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நான்கு ஆண்டுகள் புளியங்கொட்டைச் சாற்றோடு குடித்தனம் நடத்தியவன் நான்.

நான் இதில் இறங்கக் காரணமே மைசூர் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட கட்டுரைதான். கண்ணாடி விரியன் நஞ்சிலுள்ள நொதிகளைப் புளியங்கொட்டைச் சாறு அடக்குகிறது என்று காட்டியிருந்தார்கள். அதற்கும் முன்பே கொல்கத்தாவில் ஆன்டனி கோம்ஸ் குழுவினர் நன்னாரி வேரிலிருந்து ஒரு சேர்மத்தைப் பிரித்தெடுத்து, அது விரியன் நஞ்சை எதிர்ப்பதை விலங்குகளில் காட்டியிருந்தார்கள். நாம் சர்பத் போட்டுக் குடிக்கும் அதே நன்னாரி!

சோதனைக்கு வேண்டிய நஞ்சு வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து, உலர்த்திய தூளாக வந்தது. நஞ்சையும் சாற்றையும் குழாயில் கலந்து, 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து எலிக்கு ஊசி போட்டேன். எலி மறுநாளும் தானியம் கொறித்துக்கொண்டிருந்தது. விடுதியில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். என் நெறியாளர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பாம்பு தன் நஞ்சை உன் சாற்றில் கலந்து, அரை மணி நேரம் காத்திருந்தா கடிக்கும்?"

முறையை மாற்றினேன். முதலில் நஞ்சு, பத்து நிமிடம் கழித்துச் சாறு. பெரும்பாலான எலிகள் செத்தன. சாற்றை வாய்வழியாகக் கொடுத்தபோது, கொடுக்காத எலிக்கும் கொடுத்த எலிக்கும் வேறுபாடே தெரியவில்லை. புளியங்கொட்டைத் தோலில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஏராளம். புரதம் என்று எதைக் கண்டாலும் அது பற்றிக்கொள்ளும். குழாயில் இருந்த புரதம் நஞ்சு மட்டுமே, அதனால் நஞ்சைக் கட்டிப்போட்டது. வயிற்றுக்குள் போனால் இரவு சாப்பிட்ட பருப்பைக் கட்டிப்போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்ளும். குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கும் விஷமுறிவு மருந்து அப்படியல்ல. நஞ்சைத் தேடிப் பிடிக்கவே உருவான எதிர்ப்பொருள் அது, போவதும் நேராக இரத்தக் குழாய்க்குள்.

ஆரணி நண்பருக்கு ஒன்று. பயத்தில் வாய் வறண்டிருந்தால் எந்த இலையும் முதலில் சப்பென்றுதான் இருக்கும். எச்சில் ஊறிய பிறகே கசப்பு தெரியும். அன்று உங்களைக் கடித்தது என்ன பாம்பு?

கோபிசெட்டிபாளையம் பக்கம், விஷக்கடி வைத்தியரின் பேரன்:

வைத்தியர் என்றாலே ஏமாற்றுக்காரர் என்று பேச்சு போவதற்குள் சொல்லிவிடுகிறேன். என் தாத்தா கடிவாயைக் கழுவி, பல் பதிந்த விதத்தைப் பார்ப்பார். இமை சரிந்திருந்தாலோ, ஈறில் இரத்தம் கசிந்தாலோ இலையைத் தொடவே மாட்டார். "இது என் கைக்கு மீறியது, பெரியாஸ்பத்திரிக்குப் போ" என்று வண்டி பிடித்து அனுப்புவார். மற்றவர்களுக்குத்தான் மருந்து. கடிக்கும் பாம்புகளில் பல நஞ்சில்லாதவை. நஞ்சுள்ளதுகூடச் சில நேரம் நஞ்சை இறக்காமல் பல்லை மட்டும் பதித்துவிட்டுப் போகும். தாத்தாவுக்கு இது தெரியும். ஊருக்குத் தெரியாது. அதனால் பிழைத்தவர்கள் எல்லோரும் அவர் கணக்கில் சேர்ந்தார்கள்.

அவருடைய நோட்டு என்னிடம் இருக்கிறது. அதில் அதிகம் வருபவை ஈஸ்வரமூலியும் ஆடுதின்னாப்பாளையும். இந்த இனச் செடிகளில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் நஞ்சின் ஒரு முக்கிய நொதியை உண்மையாகவே தடுக்கிறது, ஆய்வகத்தில். படித்தபோது பெருமையாக இருந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அதே அமிலம் சிறுநீரகத்தை அழிக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. கண்ணாடி விரியன் கடித்தவருக்கு ஏற்கெனவே ஆபத்தில் இருப்பது சிறுநீரகம்தான். நோட்டைப் பரணில் ஏற்றிவிட்டேன். எரிக்க மனம் வரவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்:

எரிக்காதீர்கள் தம்பி. நச்சுச் செடியிலிருந்தும் மருந்து பிறந்திருக்கிறது. நல்ல பாம்பு கடித்து இமை சரிந்தவருக்கு விஷமுறிவு மருந்தோடு நியோஸ்டிக்மின் ஊசியும் போடுகிறோம், துணைக்கு அட்ரோபின். மேற்கு ஆப்பிரிக்காவில் குற்றம் செய்தவரா என்று சோதிக்கத் தின்னக் கொடுத்த கலபார் அவரையில் ஒரு நஞ்சு உண்டு. அதைப் பார்த்து ஆய்வகத்தில் உருவாக்கியதுதான் நியோஸ்டிக்மின். அட்ரோபினும் பெல்லடோனா என்ற நச்சுச் செடியிலிருந்து வந்தது. நல்ல பாம்பின் நஞ்சு தசையின் பக்கம் உள்ள பூட்டை அடைக்கிறது. நரம்பு தசைக்கு அனுப்பும் வேதிப்பொருள்தான் அதன் சாவி. இந்த மருந்து அந்தச் சாவிகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. ஊசி போட்ட அரை மணிக்குள் இமை மெல்ல எழுவதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். கட்டுவிரியன் நரம்பு முனையையே பழுதாக்கிவிடுவதால் அங்கே இது பெரிதாக உதவுவதில்லை.

ஆரணிப் பக்கம், மணிலா பயிரிடுபவர்:

என்ன பாம்பு என்று கேட்டிருந்தீர்கள். எனக்கே தெரியாது. நேற்று அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது, நினைவு கூர்மை. அன்றிரவே அந்தப் பாம்பைக் களத்தில் அடித்து வேலியில் போட்டிருந்தார்களாம். ஏழடி நீளச் சாரை. வைத்தியர் போய்ப் பார்த்துவிட்டு வந்து அப்பாவிடம் காதோடு காதாகச் சொல்லியும் விட்டாராம்.

"பிறகு எதற்கு விடியும்வரை தூங்கவிடாமல் வைத்திருந்தார்?" என்றேன்.

"நீ நடுங்கிக்கொண்டிருந்தாய். சாரை என்று சொன்னால் நம்பியிருப்பாயா?" என்றார் அம்மா. அப்பா வைத்தியருக்கு ஒரு மூட்டை மணிலா கொடுத்தனுப்பினாராம்.