பள்ளிக்கூடமே எழுதிய மென்பொருள்: உங்கள் ஊர் அனுபவம் என்ன?

மேலூர் கம்ப்யூட்டர் டீச்சர்:

மேலூர் பக்கம் அரசு உதவிபெறும் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிறேன். கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸில் ஏற்ற வேண்டியதை எல்லோரையும் போல நாங்களும் ஏற்றிவிடுகிறோம். அது போக, பள்ளிக்குள் மாதத் தேர்வு மார்க், ராங்க் கார்டு, நூலகம், கால அட்டவணை என்று எவ்வளவோ இருக்கிறதே, அதற்காக நிர்வாகம் ஒரு தனியார் மென்பொருளை வாங்கியிருந்தது.

முதல் தொல்லை பெயரிலேயே ஆரம்பித்தது. ‘லாஸ்ட் நேம்’ கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. நம் பிள்ளைகளுக்கு ஏது அது? இனிஷியல்தானே. ஆபீஸில் அப்பா பெயரைப் போட்டு ஒப்பேற்றினார்கள். ராங்க் கார்டில் அப்பா பெயர்தான் முன்னால் வந்து நின்றது. அப்புறம் விடுமுறை. அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு மதுரை மாவட்டத்துக்கு மட்டும் உள்ளூர் விடுமுறை விடுவார்கள், ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளி நடக்கும். அந்தச் சனிக்கிழமைக்கு வருகை போட வழியே இல்லை. கேட்டால், தனியாகப் பணம் கட்டினால் மாற்றித் தருகிறோம் என்றார்கள். கடைசியில், ஏ.எம்.சி. என்ற வருடாந்தரப் பராமரிப்புக் கட்டணம் கட்டாவிட்டால் பழைய மார்க்கைக்கூடத் திறக்க முடியாது என்று தெரிந்ததும் எங்கள் எச்.எம். கொதித்துப்போனார். “என் பிள்ளைங்க மார்க்கை நான் பார்க்கிறதுக்கு யாருக்கோ ஏன் வாடகை கொடுக்கணும்?”

பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் பைத்தான் என்ற நிரல்மொழியும், தகவல்களைச் சேமித்துத் தேட உதவும் எஸ்.கியூ.எல்லும் இருக்கின்றன. அதை வைத்தே மார்க் பகுதியைப் பிள்ளைகளோடு சேர்ந்து எழுத ஆரம்பித்தோம். பொதுத் தேர்வு இருப்பதால் ஜூனில் தொடங்கி அரையாண்டுக்கு முன்பே அவர்களை விட்டுவிட வேண்டும். கல்லூரிக்குப் போன பழைய மாணவிகள் மீதியைத் தொடர்கிறார்கள்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல ஆசை. வகுப்புப் பட்டியலைத் தமிழ் அகர வரிசையில் அடுக்கச் சொன்னோம். வனிதா முன்னாலும் வள்ளி பின்னாலும் வந்தார்கள். தமிழ் ஐயா பார்த்த உடனே பிடித்துவிட்டார்: “னகரம் கடைசி எழுத்து. அது எப்படி ளகரத்துக்கு முன்னால் வரும்?” கணினிகளுக்கான பொது எழுத்துக் குறியீடான யூனிகோடில் எழுத்துகளுக்கு எண் கொடுத்தபோது இந்திய எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான ஒரு வரிசையைப் பின்பற்றினார்கள். அதில் ‘ந’வுக்கு அடுத்தே ‘ன’ உட்கார்ந்துவிட்டது. பைத்தான் அந்த எண்ணைப் பார்த்துத்தான் அடுக்கும். ‘வள்ளி’யில் எத்தனை எழுத்து என்று கேட்டால் 5 என்கிறது, ஏனென்றால் புள்ளியையும் கொக்கியையும் தனித்தனியாக எண்ணுகிறது. தமிழ் ஐயா லேபிலேயே வந்து உட்கார்ந்து, அ முதல் ன வரை வரிசை சொல்லி, கிரந்த எழுத்துகளை எங்கே வைப்பது என்றும் முடிவு செய்து கொடுத்தார். பிள்ளைகள் அதற்கு ஒரு சிறு நிரல் எழுதினார்கள். இதே வேலையைச் செய்ய ‘ஓப்பன்-தமிழ்’ என்ற கட்டற்ற (ஓப்பன் சோர்ஸ், அதாவது யார் வேண்டுமானாலும் நிரலைப் பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய) நிரல் தொகுப்பு இருப்பது பிறகுதான் கண்ணில் பட்டது. முதலிலேயே அது கிடைத்திருந்தால் தமிழ் ஐயாவும் என் மாணவிகளும் ஒரே திரையின் முன்னால் உட்கார்ந்து மல்லுக்கட்டியிருக்க மாட்டார்கள். எனக்கு அந்த மதிய வேளைகள்தான் பெரிது.

உங்கள் பக்கத்தில் யாராவது இப்படிச் செய்து பார்த்திருக்கிறீர்களா?

உசிலம்பட்டி ஆசிரியர்:

நான் செய்ததில்லை டீச்சர், ஆனால் செய்த இடத்தைப் பார்த்திருக்கிறேன். என் அத்தை மகள் இடுக்கி மாவட்டத்தில் தமிழ்வழி அரசுப் பள்ளி ஆசிரியை. குமுளி வழியாகப் போனபோது அவளுடைய பள்ளி லேபைப் பார்த்தேன். எல்லாக் கணினியிலும் பள்ளிகளுக்கென்றே கேரளக் கல்வித் துறை தயாரித்துக் கொடுத்த லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் கட்டற்ற இயங்குதளம். கணினிப் பாடப் புத்தகமும் தமிழில் இருந்தது. 2001-ல் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்று தொடங்கி, 2017-ல் அதையே ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக ஆக்கியிருக்கிறார்கள். மாணவர் விவரங்களுக்கான ‘சம்பூர்ணா’வைக்கூட ஒன்றுமில்லாததிலிருந்து எழுதவில்லை. ‘ஃபெடேனா’ என்ற கட்டற்ற பள்ளி மென்பொருளை எடுத்துத் தங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டார்கள்.

எனக்குப் பிடித்தது வேறு. ஒரு கணினி கிளம்பவில்லை. அத்தை மகள் யாருக்கும் போன் போடவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் பென் டிரைவோடு வந்து புதிதாக நிறுவிவிட்டுப் போனான். ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் மன்றத்தில் இருக்கிறானாம். நம் பிள்ளைகளுக்கு இது வராதா என்ன?

திருமங்கலம் பெற்றோர்:

ஒரு சந்தேகம். ஓப்பன் சோர்ஸ் என்றால் எல்லோரும் பார்க்கலாம் என்கிறீர்கள். அப்படியானால் என் மகள் மார்க்கையும் போன் நம்பரையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாமா?

அலங்காநல்லூர் முன்னாள் மாணவர்:

இல்லை அண்ணே. திறந்திருப்பது நிரல் மட்டும்தான். மார்க், போன் நம்பர் எல்லாம் பள்ளிக் கணினிக்குள் கடவுச்சொல் போட்டுப் பூட்டித்தான் இருக்கும். நிரல் திறந்திருந்தால் பூட்டு சரியாக இருக்கிறதா என்று நாலு பேர் சோதித்துப் பார்க்கவும் முடியும்.

நான் அரசுப் பள்ளியில் படித்தவன். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த லேப்டாப்தான் எங்கள் வீட்டில் முதல் கணினி. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவாக்கியது. உள்ளே கைவைத்துப் பார்க்கலாம் என்ற தைரியம் எனக்கு அதில்தான் வந்தது. இன்றைக்கு அதுதான் பிழைப்பு.

ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் மாநகரம் 100 கோடி குரோனருக்கு மேல் செலவழித்து ஒரு பள்ளித் தளம் வாங்கியது. பயன்படுத்த முடியவில்லை என்று பெற்றோர் சிலரே 2021-ல் கட்டற்ற செயலி ஒன்றை எழுதிவிட்டார்கள். மாநகரம் போலீஸ் வரை போனது. குற்றம் எதுவும் இல்லை என்று போலீஸ் சொன்னது. பிறகு மாநகரமே இறங்கி வந்து அனுமதித்தது. பணக்கார ஊரிலேயே நிலைமை இப்படி.

டீச்சர், உங்கள் நிரலைப் பார்க்க ஆவலாக இருக்கிறேன்.

வாடிப்பட்டி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

எல்லாம் நல்லது. நான் பார்த்த இன்னொரு பக்கத்தையும் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் தன் சொந்த உழைப்பில் அருமையாக ஒரு மென்பொருள் எழுதினார். ராங்க் கார்டு ஒரு மதியத்தில் முடியும். அடுத்த கலந்தாய்வில் அவருக்கு மாறுதல் கிடைத்தது, சொந்த ஊர்ப் பக்கமே போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், குடும்பம் அங்கே இருந்தது. ஆனால் எது எங்கே இருக்கிறது என்று இங்கே யாருக்கும் தெரியாது. போனில் கேட்டுக் கேட்டுக் கொஞ்ச நாள் ஓட்டினோம், பிறகு மறுபடி நோட்டும் ஸ்கேலும்.

காசு கொடுத்து வாங்கினால் கம்பெனியை நம்பி இருக்கிறோம், நாமே எழுதினால் ஒரே ஆளை நம்பி இருக்கிறோம். அரசுப் பள்ளியில் ஆசிரியர் நிலையாக இருப்பார் என்று எண்ணவே கூடாது. குறைந்தது இரண்டு ஆசிரியர்களுக்காவது முழுதாகத் தெரிய வேண்டும். பொறுப்பு ஒப்படைக்கும்போது சாவிக்கொத்து, இருப்புப் பதிவேட்டோடு இதையும் எழுதி வாங்க வேண்டும். இதற்குத் துறையே ஒரு வழி செய்தால்தான் எல்லாப் பள்ளிக்கும் நடக்கும்.

மேலூர் கம்ப்யூட்டர் டீச்சர்:

சார் சொன்னது மிகச் சரி. உதவிபெறும் பள்ளி என்பதால் எனக்கு மாறுதல் இல்லை, அதனால் இது எனக்கு உறைக்கவே இல்லை. எப்படி நிறுவுவது, எப்படி நகல் எடுப்பது, எது கெட்டால் எங்கே பார்ப்பது என்று தமிழில் எழுதி ஒரு லாங் சைஸ் நோட்டில் எச்.எம். பீரோவில் வைக்கப் போகிறோம். கணக்கு டீச்சர் இரண்டாவது ஆளாக வரச் சம்மதித்துவிட்டார்.

எல்லாவற்றையும் நாமே எழுத வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. நூலகத்துக்கு ‘கோஹா’ என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. நியூசிலாந்தில் ஒரு பொது நூலக அறக்கட்டளை தன் பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டுத் தேதிகளைச் சரியாகக் கையாளாது என்பதால் புதிதாக எழுதச் சொல்லி, பிறகு உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தது. அதையே போட்டுக்கொள்வோம்.

அலங்காநல்லூர் தம்பி, மாணவர் விவரம் எதுவும் இல்லாமல் நிரலை மட்டும் அனுப்புகிறேன். கால அட்டவணைப் பகுதி பாதியில் நிற்கிறது. ஒரு ஆசிரியர் லீவு போட்டால் அந்தப் பீரியடுக்கு யாரை அனுப்புவது என்பதை அது இன்னும் சொல்ல மாட்டேன் என்கிறது, அதில் கை கொடுத்தால் உதவியாக இருக்கும்.