கொல்லைக்கட்டு அடுப்புக்கு ஒரு புகைபோக்கி

குழு: மன்னார்குடி வீடு

சனிக்கிழமை

நான் (காலை 7:10): நேற்று ஊருக்குப் போயிருந்தேன். கொல்லைக்கட்டில் வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே போன இரண்டு நிமிடத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. அம்மா அந்தப் புகைக்குள்ளேயே உட்கார்ந்து ஊதாங்குழலால் ஊதிக்கொண்டிருந்தாள். இரவு முழுவதும் இருமினாள். ஐப்பசி அடைமழை தொடங்குமுன் இதற்கு ஒரு வழி செய்ய வேண்டும்.

தங்கை (காலை 7:18): நான் எத்தனை தடவை சொல்லிவிட்டேன். வீட்டுக்குள் சேரும் புகையால் வருடத்துக்கு 32 லட்சம் பேர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டுக்குக் கணக்குச் சொல்லியிருக்கிறது. மூச்சு இரைப்பு, கண்புரை எல்லாம் இந்தப் புகையால் வரும். விறகடுப்பை எடுத்துவிடலாம் அம்மா. எல்லாவற்றுக்கும் கேஸ் போதும்.

அம்மா (காலை 7:40): சமையல் கேஸில்தான் நடக்கிறது கண்ணு. ஆனால் ஒரு அண்டா வெந்நீர் கேஸில் வைத்தால் சிலிண்டர் எத்தனை நாள் வரும்? தை மாதம் நெல் அவிக்க வேண்டும். கொல்லையில் விழும் மட்டையையும் பாளையையும் நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அடுப்பை எடுக்காதீர்கள். புகையை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.

சித்தி (காலை 7:52): அக்கா சொல்வது சரி. அடுப்பை இடித்தாலும் அவள் கொல்லையில் மூன்று கல்லை வைத்து எரிப்பாள்.

தம்பி கனடா (காலை 8:05): இங்கே இரவு பத்தரை மணி. படுக்கப் போனவன் எழுந்து வந்துவிட்டேன். அம்மா, நீ கேட்டதைத்தான் நானும் போன குளிர்காலத்தில் என் வீட்டில் செய்தேன்.

தம்பி கனடா (காலை 8:16): இந்த வீட்டுக் கூடத்தில் குளிர்காய விறகு எரிக்கும் செங்கல் கணப்பு ஒன்று இருக்கிறது. பார்க்க அழகு. ஆனால் திறந்த கணப்பில் விறகு கொடுக்கும் சூட்டில் பத்தில் ஒரு பங்குகூட வீட்டில் தங்காது. மீதி புகைபோக்கி வழியே போய்விடும், போகும்போது அறையின் வெதுவெதுப்பையும் இழுத்துக்கொண்டு போகும். அதற்காக இன்செர்ட் என்று ஒன்று விற்கிறார்கள். கணப்புக் குழிக்குள் அப்படியே பொருந்தி உட்காரும் இரும்புப் பெட்டி. முன்னால் கண்ணாடிக் கதவு, காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு பிடி. நல்லதாக இருந்தால் பத்தில் ஏழு பங்கு சூடு வீட்டுக்குள் நிற்கும்.

நான் கடைக்குப் போய் முதலில் பெட்டியைத்தான் பார்த்தேன். சான்று பெற்ற ஆய்வாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து பெட்டியைப் பற்றிப் பேசவே இல்லை. நேரே கூரைக்கு ஏறிப் புகைபோக்கியைத்தான் பார்த்தார். பழைய செங்கல் புகைபோக்கி இந்தப் பெட்டிக்கு மிக அகலம், புகை பாதியிலேயே குளிர்ந்து தாரைப் போலக் கீலாகிச் சுவரில் ஒட்டும், ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும் என்றார். உள்ளே ஆறு அங்குலத் துருப்பிடிக்காத எஃகுக் குழாயை மேலிருந்து கீழ்வரை இறக்கிய பிறகுதான் பெட்டி வந்தது. வீட்டுக் காப்பீட்டுக்காரர்களும் அந்த ஆய்வுச் சான்றைக் கேட்டார்கள்.

நம் அடுப்புக்கும் இதே கணக்குதான். என்ன அடுப்பு என்பதைப் பிறகு பார்க்கலாம். புகை எந்த வழியாக வெளியே போகப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்வோம்.

சின்ன மாமா (காலை 8:30): அக்கா வீட்டில் பழைய புகைக்கூண்டு இருந்ததே? சாயங்காலம் போய்ப் பார்த்துச் சொல்கிறேன்.

அம்மா (காலை 8:41): எல்லோரும் கேளுங்கள். அப்பா இருந்தபோது ஒரு புகையில்லா அடுப்பு போட்டோம். அண்டா அதில் உட்காரவில்லை. நானே கடப்பாரையால் வாயை அகலப்படுத்தினேன். அன்றைக்கே அதன் சீர் போய்விட்டது. குழாயையும் யாரும் துடைக்கவில்லை. இரண்டு வருடத்தில் பழையபடி புகை.

தம்பி கனடா (காலை 8:44): அம்மா, இதைவிட நல்ல பாடம் யாரும் சொல்ல முடியாது. பாத்திரத்துக்கும் அடுப்பு வாய்க்கும் நடுவே இடைவெளி விழுந்தால் புகை அந்த வழியே வெளியே வந்துவிடும், குழாய்க்குப் போகாது. உன் அண்டாவை அளந்து அதற்கு அடுப்புக் கட்டுவோம். அடுப்புக்காக நீ பாத்திரத்தை மாற்ற வேண்டாம்.

சின்ன மாமா (மாலை 6:20): பார்த்துவிட்டேன். பத்து வருடத்துக்கு முன் புகைக்கூண்டைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். இந்தப் பத்து வருடப் புகை முழுவதும் கைமரத்தில்தான் படிந்திருக்கிறது, தொட்டால் விரலில் ஒட்டுகிறது. அடைப்பை எடுக்கலாம், ஆனால் பக்கத்து வீட்டு மாடிக் கைப்பிடிச் சுவர் எட்டடித் தொலைவில் வந்துவிட்டது. அவர்கள் அங்கேதான் துணி காயப்போடுகிறார்கள்.

தம்பி கனடா (மாலை 6:35): இங்கே ஒரு விதி வைத்திருக்கிறார்கள் மாமா. குழாய் கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து குறைந்தது மூன்றடி உயர வேண்டும். பத்தடிக்குள் இருக்கும் எதைவிடவும் இரண்டடி உயரமாக நிற்க வேண்டும். அப்படியானால் அந்தக் கைப்பிடிச் சுவருக்கு மேல் இரண்டடி போக வேண்டும். இல்லாவிட்டால் காற்று சுவரில் மோதிப் புகையைத் திருப்பி நம் அடுக்களைக்கே அனுப்பும்.

சின்ன மாமா (மாலை 6:41): அவ்வளவு உயரம் என்றால் இழுவைக் கம்பி கட்ட வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் என்ன செய்தது என்று மறக்கவில்லை. அக்கா வீட்டு ஓடு பாதி பறந்தது, கொல்லையில் நாலு தென்னை சாய்ந்தது.

அம்மா (மாலை 6:50): அந்த நாலு தென்னையை இரண்டு வருடம் எரித்தேன்.

சின்ன மாமா (மாலை 6:58): குழாய்க்கு என்ன போடலாம்? என்னிடம் போர்வெல் போட்டு மிஞ்சிய பிவிசி பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் குழாயும் ஒன்று கிடக்கிறது.

தங்கை (மாலை 7:01): இரண்டும் வேண்டாம் மாமா. பிவிசி உருகிவிடும், அதன் புகையும் நஞ்சு. ஆஸ்பெஸ்டாஸ் தூசு நுரையீரலில் போய்த் தங்கினால் புற்றுநோய் வரை போகும். கனடாவில் அதை 2018-லேயே தடை செய்துவிட்டார்கள்.

தம்பி கனடா (மாலை 7:09): துருப்பிடிக்காத எஃகுதான் மாமா. ஜிஐ தகடு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு, விலை குறைவு, ஆனால் நம் ஈரக் காற்றிலும் புகையின் ஈரத்திலும் சீக்கிரம் அரித்துவிடும். பணம் நான் அனுப்புகிறேன். குழாய் நேராக மேலே போகட்டும், படுக்கையாகக் கொண்டுபோக வேண்டாம். மரச் சட்டத்துக்கும் குழாய்க்கும் நடுவே ஒன்றரை அடி இடைவெளி இருக்கட்டும். துளையைச் சுற்றி ஓட்டுக்குக் கீழே தகடு. உச்சியில் மழைக்குத் தொப்பி. கீழே ஒரு சிறு கதவு வைத்தால் அங்கிருந்தே கரியைச் சுரண்டி எடுக்கலாம். அந்தக் கதவை மட்டும் மறந்துவிடாதீர்கள், போன தடவை அடுப்பு கெட்டதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

சித்தி (மாலை 7:20): கொல்லைப் பக்கம் கீற்றுக் கொட்டகை இருக்கிறதே! தென்னை மட்டை எரிந்தால் பொறி பறக்கும்.

நான் (மாலை 7:22): நல்ல வேளை சொன்னீர்கள் சித்தி. கொட்டகையைப் பிரித்து வேறு பக்கம் கட்டிய பிறகுதான் அடுப்பு மூட்ட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை

நான் (காலை 9:05): அடுப்பு எப்படி என்று இப்போது பேசலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1980-களில் அஸ்த்ரா என்ற குழு ஒரு விறகடுப்பு செய்தது. ஒரே தீயில் மூன்று பாத்திரம், அடியில் கம்பிச் சல்லடை, பின்னால் புகைபோக்கி. சல்லடை வழியே காற்று கீழிருந்து ஏறுவதால் ஊதவே வேண்டியதில்லை. சாம்பலும் கீழே விழுந்துவிடும்.

சித்தி (காலை 9:15): கேட்டால் நம் கொடியடுப்பு மாதிரி இருக்கிறது. முன் அடுப்பின் தீ பின்னால் ஓடிக் கொடியடுப்பில் பாலைச் சுட வைக்குமே.

தம்பி கனடா (காலை 9:19): அதேதான் சித்தி. நம் பாட்டிகள் தீயைப் பின்னால் ஓட்டத் தெரிந்து வைத்திருந்தார்கள். அங்கிருந்து அதை மேலே ஏற்றிவிடும் வழி ஒன்றுதான் விட்டுப்போயிற்று. கொடியடுப்புக்குப் பின்னால் குழாயை வைத்துவிட்டால் முடிந்தது.

சின்ன மாமா (காலை 9:40): கொத்தனாரிடம் பேசினேன். நெருப்புப் படும் இடத்தில் சிமெண்ட் கூடாது, சூட்டில் வெடித்துவிடும், களிமண்ணும் உமியும் சாணமும் போதும் என்கிறார். எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. வியாழக்கிழமை வருகிறார்.

தம்பி கனடா (காலை 9:52): விறகைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பச்சை மரத்தில் எடையில் பாதி தண்ணீர்கூட இருக்கும். நல்ல அடுப்புக்கு 20 சதவீதத்துக்குக் கீழே ஈரம் இறங்க வேண்டும். என்னிடம் இரண்டு ஊசி வைத்த கருவி இருக்கிறது, பிளந்த கட்டையின் உள்முகத்தில் குத்திப் பார்ப்பேன். பிளந்து ஆறு மாதம், மரத்தைப் பொறுத்து ஒரு வருடம் காய வைக்கிறேன். ஈர விறகு எரிந்தால் அந்தக் கீல் படிவுதான் மிச்சம்.

அம்மா (காலை 10:03): எனக்குக் கருவி வேண்டாம் தம்பி. இரண்டு கட்டையைத் தட்டினால் டங்கென்று கேட்க வேண்டும். ஈரமாக இருந்தால் மொத்தென்று கேட்கும், எரியும்போது நுனியில் நுரை தள்ளும். கருவேலமும் சவுக்கும் நின்று எரியும். மட்டை பற்ற வைக்க நல்லது, ஆனால் நிற்காது. முருங்கையை எடுக்கவே மாட்டேன், புகைதான். சித்திரை வெயிலில் காய்ந்ததைத் தாழ்வாரத்தில் செங்கல் மேல் அடுக்கியிருக்கிறேன். மழையில் சாரல்தான் அடிக்கிறது.

நான் (காலை 10:08): சாரல் பக்கம் ஒரு தகரம் வைக்கச் சொல்கிறேன் அம்மா. மற்ற பக்கம் காற்றுக்குத் திறந்தே இருக்கட்டும்.

தங்கை (காலை 10:15): ஒன்று மட்டும் எனக்காக. தணல் கிடக்கும்போது கொல்லைக்கட்டுக் கதவையும் சன்னலையும் சாத்தாதே அம்மா. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. மலை ஊர்களில் குளிருக்குக் கரியடுப்பை அறைக்குள் வைத்துப் படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை என்று செய்தி வருகிறதே, அது இதுதான்.

அம்மா (காலை 10:20): சரி கண்ணு. சாத்த மாட்டேன்.

தங்கை (காலை 10:21): நான் அடுப்பை எடுக்கச் சொன்னதில் உனக்கு வருத்தம் இல்லையே?

அம்மா (காலை 10:26): நீ என் மூச்சுக்காகத்தானே சொன்னாய்.

புதன்கிழமை

சின்ன மாமா (மாலை 5:30): அடைத்திருந்த செங்கலை எடுத்தாயிற்று. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் கீழே பிடித்தேன், புகை நேரே மேலே போகிறது. குழாயும் தொப்பியும் வந்துவிட்டன. நாளைக் காலை வேலை. கொத்தனார் அண்டாவின் அளவு கேட்கிறார் அக்கா. வாயகலம் எவ்வளவு?

அம்மா (மாலை 5:48): வாயகலம் எதற்கு? அடுப்பில் உட்காருவது அடிவயிறுதானே. கரி படிந்து ஒரு கோடு நிற்கிறது, அதுவரைதான் அடுப்புக்குள் இறங்கும். அந்தக் கோட்டில் நூல் சுற்றி அளந்தேன். 38 அங்குலம்.

தம்பி கனடா (மாலை 5:50): அப்படியானால் குறுக்களவு 12 அங்குலம். அடுப்பு வாய் 12 மாமா, மண் பூசி முடித்த பிறகு 12 இருக்க வேண்டும்.

அம்மா (மாலை 5:53): அண்டாவை நான் தேய்க்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். கொத்தனார் வந்து கோட்டைப் பார்க்கட்டும்.