ரைபோசோம் பூட்டலா, கட்டுமானமா?

அனைவருக்கும் வணக்கம்.

தாவர வளர்ச்சி பற்றிய பாடத்தில் 'ரைபோசோம் தொகுப்பு மரபணுக்கள்' என்று ஒரு தொடர் வருகிறது. 'புரதத் தொகுப்பு' என்பதில் அந்தச் சொல் ஏற்கெனவே வேறு பொருளில் (செல் புரதத்தை உருவாக்குவது) நிலைத்துவிட்டது. 'தொகுப்பு' என்றால் திரட்டு என்றும் ஆகும். மாற்ற வேண்டும்.

பெயர் தேட வேண்டியது எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். ரைபோசோம் என்பது செல்லில் புரதம் செய்யும் இயந்திரம். தாவரச் செல்லின் 80எஸ் ரைபோசோம் 60எஸ், 40எஸ் என்னும் இரு துணையலகுகளால் ஆனது ('எஸ்' என்பது மையவிலக்கியில் படியும் வேகத்தின் அலகு). அதில் நான்கு ஆர்ஆர்என்ஏ (ரைபோசோம் ஆர்என்ஏ), ஏறத்தாழ 80 புரதங்கள். ஆர்ஆர்என்ஏக்களில் 18எஸ், 5.8எஸ், 25எஸ் மூன்றும் நியூக்ளியோலஸில் (உட்கருவுக்குள் உள்ள சிறு பகுதி) ஒரே நீண்ட 45எஸ் முன்னோடியாகப் படியெடுக்கப்பட்டுப் பிறகு நறுக்கப்படுகின்றன. 5எஸ் தனியே வருகிறது. நறுக்குவது, மடிப்பது, புரதங்களை ஏற்றுவது, உட்கருவிலிருந்து வெளியே அனுப்புவது எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு, அதாவது உதவி மூலக்கூறுகள். ஈஸ்ட்டிலேயே இப்படி 200-க்கு மேல் அறியப்பட்டுள்ளன. வேலை முடிந்ததும் கழன்றுவிடுவார்கள். அந்த ஆட்களின் மரபணுக்களுக்குத்தான் சொல் வேண்டும்.

என் பரிந்துரை 'பூட்டல்'. எஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிறோம் அல்லவா?

---

> என் பரிந்துரை 'பூட்டல்'.

பட்டறைச் சொல் என்பதால் பிடித்திருக்கிறது, ஐயா. ஆனால் 'பூட்டுக் காரணி' என்று நீட்டிப் பாருங்கள். வாசகர் கதவுப் பூட்டைத்தான் நினைப்பார், ரைபோசோமை முடக்கும் ஒன்று என்று கொள்வார். வேடிக்கை என்னவென்றால் அப்படியும் ஒரு புரதம் இருக்கிறது: இஐஎஃப்6. முதிராத 60எஸ்-இல் ஒட்டிக்கொண்டு, 40எஸ் முன்கூட்டியே வந்து சேராமல் தடுக்கும். அது விலகினால்தான் துணையலகு வேலைக்குத் தயார். அந்த இடத்தில் குழப்பம் முற்றிவிடும்.

'இணைப்பு' வேண்டவே வேண்டாம். இரு துணையலகுகள் தூது ஆர்என்ஏ மேல் சேர்வதற்கு அந்தச் சொல் தேவைப்படும்.

---

தனிச்சொல் எதற்கு? ரைபோசோம் புரத மரபணு கெட்டாலும், நீங்கள் சொல்லும் ஆட்களின் மரபணு கெட்டாலும் செடியில் தெரிவது ஒன்றுதானே: கூம்பிய ஒடுங்கிய இலை, குட்டை வேர், தாமதமான கரு வளர்ச்சி. 'ரைபோசோம் மரபணுக்கள்' என்றே இரண்டையும் அடக்கிவிடலாம்.

---

> 'ரைபோசோம் மரபணுக்கள்' என்றே இரண்டையும் அடக்கிவிடலாம்.

கூடாது. தோற்றம் ஒன்றுபோல் இருப்பதால்தான் பெயர் பிரிய வேண்டும்.

அராபிடாப்சிஸ் என்னும் ஆய்வுச் செடியில் ரைபோசோம் புரதம் ஒவ்வொன்றுக்கும் பொதுவாக இரண்டு முதல் ஏழு மரபணுக்கள் உண்டு. ஒன்று போனால் மற்றது ஓரளவு தாங்கும். எஸ்18 புரதத்தின் ஒரு பிரதி கெட்ட செடியில் முதல் இலைகள் கூம்பி வளர்ச்சி சற்றுக் குன்றுவதோடு நின்றது அதனால்தான். நாம் பெயர் தேடும் ஆட்களிலோ பலவற்றுக்கு ஒரே மரபணுதான். அத்தகைய ஸ்லோ வாக்கர்1 இல்லாவிட்டால் 18எஸ் சரியாக நறுக்கப்படாது, பெண் கேமீட்டோஃபைட்டின் (சூலுக்குள் முட்டைச் செல்லைத் தாங்கும் அமைப்பு) பகுப்புகள் பின்தங்கும். தாய் வழி, தந்தை வழி வந்த இரு பிரதிகளில் ஒன்று மட்டும் கெட்ட செடியின் காயைப் பிளந்தால், பழுது கேமீட்டோஃபைட்டில் என்றால் பாதிவரை சூல்கள் வெற்றாக இருக்கும். கருவில் என்றால் கால் பங்கு விதைகள் கெடும். எண்ணிப் பார்த்தாலே எந்தக் கட்டத்தில் தடை என்று பிடிபடும்.

உறுதிப்படுத்த நார்தர்ன் பிளாட் (ஜெல்லில் பிரித்த ஆர்என்ஏவில் குறிப்பிட்ட வரிசையைத் தேடும் சோதனை) போட வேண்டும். வெறும் ஜெல்லில் 25எஸ், 18எஸ் பட்டைகள் நன்றாகவே தெரியலாம். 18எஸ்-க்கும் 25எஸ்-க்கும் இடையிலுள்ள, நறுக்கி நீக்கப்படும் ஐடிஎஸ் பகுதிகளுக்கு ஆய்வி (அவற்றோடு ஒட்டும் அடையாளத் துண்டு) வைத்தால்தான் நறுக்கப்படாமல் தேங்கிய 27எஸ் போன்ற இடைநிலைகள் தெரியும். பச்சை இலையில் எடுத்தால் பசுங்கணிகத்தின் 16எஸ்-உம், உடைந்த 23எஸ் துண்டுகளும் கூடுதல் பட்டைகளாக வந்து ஏமாற்றும். வேரிலோ, இருட்டில் வளர்த்த நாற்றிலோ எடுப்பது நல்லது.

இன்னொன்று: நறுக்கலுக்கு உதவும் ஆர்ஐடி2 கெட்ட செடியில், மரபணுக்களை இயக்கும் புரதத்துக்கான ஏஎன்ஏசி082 மரபணுவையும் கெடுத்தால் வளர்ச்சி பெருமளவு மீள்கிறது, நறுக்கல் கோளாறோ அப்படியே நிற்கிறது. ஆகவே செடி குன்றுவது ரைபோசோம் பற்றாக்குறையால் மட்டுமல்ல. நியூக்ளியோலஸிலிருந்து 'நிறுத்து' என்று ஒரு சமிக்ஞை போகிறது. விலங்குகளில் அந்த வேலையில் முதன்மையான பி53 புரதம் தாவரங்களில் இல்லை. இதையெல்லாம் 'ரைபோசோம் மரபணு' என்ற ஒரே பைக்குள் போட முடியாது.

---

ஒப்புக்கொள்கிறேன், அம்மா. அப்படியானால் 'கட்டுமானம்' எப்படி? வீடு கட்டும்போது வெட்டுவதும் உண்டு, சாரம் பிரிப்பதும் உண்டு. 'ரைபோசோம் கட்டுமானப் புரதம்' என்று வைக்கலாமா?

---

கட்டுமானம் சரி, புரதம் சரியில்லை. இரண்டு காரணம். கட்டமைப்புப் புரதத்தோடு குழம்பும். தவிர யூ3 போன்ற சிற்றார்என்ஏக்களும் இந்த வேலையில் இருக்கின்றன, அவை புரதம் அல்ல. 'கட்டுமானக் காரணி' என்போம். ரைபோசோமிலேயே தங்குவது 'உறுப்புப் புரதம்'. முழு நிகழ்வுக்கும், படியெடுப்பு உட்பட, 'ரைபோசோம் ஆக்கம்'.

பசுங்கணிகத்துக்கும் தனி ரைபோசோம் உண்டு, அதன் கட்டுமானக் காரணிகளும் உட்கரு மரபணுக்களிலிருந்தே வருகின்றன. அவை கெட்டால் இலை பெரும்பாலும் வெளிறும். அதனால் முதல் முறை எழுதும்போது 'சைட்டோபிளாச' என்ற அடைமொழியைச் சேர்த்துவிடுங்கள்.

---

அப்படியே மாற்றிவிட்டேன். பாடத்தில் இப்போது: "சைட்டோபிளாச ரைபோசோமின் கட்டுமானக் காரணி மரபணு கெட்டால் 45எஸ் முன்னோடியின் நறுக்கல் தடைப்படும், இலை கூம்பும், வேர் குட்டையாகும்." 'நறுக்கல்' சமையலறை வாடை அடிக்கிறது என்று யாராவது சொன்னால் 'வெட்டிப் பிரித்தல்' என்று ஆக்கிக்கொள்கிறேன்.