சிக்குன்குனியாவுக்குப் பிறகான மூட்டுவலி: மாத்திரையா, மஞ்சள் கேப்சூலா, யோகாவா?

வணக்கம். அம்மாவுக்கு வயது 61. சிக்குன்குனியா காய்ச்சல் விட்டு மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. கணுக்காலும் விரல் மூட்டுகளும் இன்னும் வீங்குகின்றன, காலையில் கை மடங்குவதில்லை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார்.

காய்ச்சல் இருந்தபோது டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை பாராசிட்டமால் மட்டும்தான் தந்தார்கள். டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் ரத்தக்கசிவை அதிகமாக்கும் என்பதால் அப்படி. இப்போது மருத்துவர் மூட்டு அழற்சியை (வீக்கம், வலி) அடக்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை எழுதியிருக்கிறார். அந்த மாத்திரை கண்ணைப் பாதிக்கக்கூடும் என்பதால் கண் பரிசோதனையும் செய்யச் சொன்னார். வலி மாத்திரையைத் தினமும் போட்டால் பிரஷர் ஏறும், சிறுநீரகத்துக்கும் நல்லதில்லை என்கிறார்.

இதற்கிடையில் சித்தப்பா மிளகுச்சத்து சேர்த்த மஞ்சள் கேப்சூல் வாங்கி வந்துவிட்டார். குழம்பில் போடும் மஞ்சள் வேறு, இது வேறு. மிளகுச்சத்து மற்ற மருந்துகள் உடம்பில் சேரும் அளவையும் மாற்றக்கூடும் என்பதால் நான் இன்னும் தரவில்லை. (சித்தப்பாவுக்குக் கோபம்தான்.) பக்கத்து வீட்டு அக்கா மூச்சுப்பயிற்சி சொல்லித் தருகிறார். அதற்குப் பிறகு அம்மா நன்றாகத் தூங்குகிறார், ஆனால் வீக்கம் அப்படியே இருக்கிறது.

அழற்சியை அடக்குவது எப்போதும் நல்லது என்றும் எனக்குத் தோன்றவில்லை. 2020இல் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் இறப்பை, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தான டெக்ஸாமெத்தசோன் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலனே இல்லை.

இதே நிலையைக் கடந்தவர்கள் சொல்லுங்கள்: எந்த மருந்தில் வீக்கம் குறைந்தது, எவ்வளவு காலம் ஆனது? மெத்தோட்ரெக்ஸேட் (மூட்டு அழற்சிக்குத் தரும் இன்னும் வீரியமான மருந்து) வரை போனவர்கள் உண்டா? சென்னையில் நல்ல வாதநோய் மருத்துவர் தெரிந்தாலும் சொல்லுங்கள்.